ஒரு கோட், இரண்டு பேர்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டேன் என்ற நிம்மதியோடு தேத்தண்ணிக்கு உட்கார்ந்தேன். மனைவி வாசல் பக்கம் போனவள் அங்கே நின்றபடியே கேட்டாள்.

"இஞ்ச, இதில இருந்த பையள் எங்க?"

"ரெண்டையும் கொண்டுபோய்த் தொட்டிக்குள்ள போட்டிட்டன்" என்றேன், நல்ல பிள்ளை மாதிரி.

"ரெண்டையுமோ? ஒண்டுக்குள்ள தம்பிக்குக் குடுக்கிற கோட் எல்லோ இருந்தது."

எங்கள் தெருமுனையில் பழைய உடுப்புகளைப் போடும் இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. கழித்த உடுப்புகளை நீலப் பையில் கட்டி வாசலில் வைத்து, கொண்டுபோய்ப் போடச் சொன்னது மனைவி. தம்பிக்குக் கொடுக்க வேண்டிய கோட்டை மறக்காமலிருக்க அதே வாசலில் ஒரு கடதாசிப் பையில் வைத்தது நான். கடதாசிப் பை கிழிந்திருக்கிறதே என்று, அதே சுருளிலிருந்து இன்னொரு நீலப் பையை எடுத்துக் கோட்டை அதற்குள் மாற்றியதும் மனைவிதான். இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது நான்.

"பையை மாத்தினா மனுசனுக்குச் சொல்ல வேணும்" என்று கத்தினேன்.

"பைக்குள்ள என்ன கிடக்கெண்டு பார்த்துப் போட வேணும்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் சொன்னது சரி. அதனால் சண்டை நீண்டது.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் ஒரு மார்கழி மாதம் நானும் தம்பியும் ஊரிலிருந்து பெர்லினின் கிழக்குப் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். உடம்பில் பருத்திச் சட்டை, காலில் கான்வாஸ் சப்பாத்து. ரயிலேறி மேற்கு பெர்லின் வந்து, அங்கிருந்து ஸ்டுட்கார்ட் பக்கத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டோம். முகாமில் ஊரார் கொடுத்த உடுப்புகளை அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட பெண்மணி எல்லாவற்றையும் கிளறினார். அங்கே கிடந்த கோட்டுகள் ஜெர்மன்காரரின் உயரத்துக்குத் தைத்தவை, எங்களுக்குக் கணுக்கால் வரை வந்தன. எங்கள் அளவுக்கு ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. மண்ணிறக் கம்பளிக் கோட், நல்ல பாரம். மற்றவருக்கு அடுத்த கிழமை வாருங்கள் என்று கையால் காட்டினார். அடுத்த கிழமை தொப்பி வந்தது, கையுறை வந்தது. கோட் வரவில்லை.

ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நேரத்தில் எங்களில் ஒருவன்தான் வெளியே போகலாம். ஒரே அறையில் படுத்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம், ஆனால் பனி உருகும்வரை ஒரு நாளும் தெருவில் சேர்ந்து நடந்ததில்லை. போகிறவன் இருக்கிறவனைப் பார்த்து, "நீ உள்ள இரு, நான் போயிட்டு வாறன்" என்பான். வருகிறவனுக்காக மற்றவன் கதவடியில் காத்து நிற்பான். தம்பி கோட்டின் ஒரு கையைக் கழற்றும்போதே நான் அந்தக் கைக்குள் என் கையை விட்டுவிடுவேன். உள்ளே அவனுடைய சூடு இருக்கும். எவரும் எங்களைத் தொட்டுப் பேசாத ஊரில் அந்தச் சூடு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம்கூடத்தான்.

பிறகு வேலை வந்தது, ஆளுக்கொரு கோட் வந்தது. அவன் கார்ல்ஸ்ரூஹேக்குப் போனான், கலியாணம் கட்டினான். பழைய கோட்டை எறிய இருவருக்கும் மனம் வரவில்லை, யார் வைத்திருப்பது என்றும் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு குளிருக்கு என் வீட்டில், மறு குளிருக்கு அவன் வீட்டில் என்று வைத்துக்கொண்டோம். ஒருவரும் போடுவதில்லை. அலுமாரியில் பூச்சி உருண்டை மணத்தோடு தொங்கும். எங்கள் இருவருக்கும் மறை கழன்றுவிட்டது என்று பெண்டாட்டிமார் தங்களுக்குள் தொலைபேசியில் சிரிப்பார்கள்.

இந்த வருடம் அவனுடைய முறை. இந்த வருடம்தான் அவன் ஒரேயடியாக ஊருக்குப் போகிறான். பென்ஷன் வந்துவிட்டது, குளிருக்கு முழங்கால் மடங்குவதில்லை, அங்கே வீடு கட்டி முடித்தாயிற்று. அவன் மனைவி முன்னாலேயே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து விமானம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போவதாக ஏற்பாடு.

"கோட்டை மறந்திடாத அண்ணை" என்று அவன் தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

"அந்த வெயிலுக்குள்ள அதை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

"அது என்ர பாடு. முறை என்ர."

இப்போது முறையும் இல்லை, கோட்டும் இல்லை. நான் திரும்பவும் தொட்டிக்குப் போனேன். அந்தத் தொட்டியின் வாயை எவன் செய்தானோ, பையை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினேன். விரல் நுனியில் ஏதோ பை பட்டது, பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து விளக்குமாற்றுத் தடியில் கம்பி வளைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி போனேன். மேல்மாடி பல்கனியிலிருந்து ஒரு ஜெர்மன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"என்னுடைய கோட் உள்ளே இருக்கிறது."

"அப்படியானால் ஏன் உள்ளே போட்டீர்கள்?"

தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தொட்டியில் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு அடித்தால், திங்கட்கிழமை எடுங்கள் என்று ஒரு குரல் பதிவு. ஞாயிறு காலையும் போனேன், மத்தியானமும் போனேன். போய் என்ன செய்வேன், சும்மா நின்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் இருக்க முடியாது, எழும்பினால் நிற்க முடியாது.

"படி தேயப் போகுது" என்றாள் மனைவி. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஒரு கோட்டுக்கு இவ்வளவு அந்தரமே?" என்று கேட்டாள்.

வள்ளென்று விழுந்தேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். தனியே இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது, ஒரு மாதமாகவே எனக்கு இந்த அந்தரம் இருந்தது என்று. தம்பி இல்லாத ஜெர்மனியில் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படிக்குப் போய் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

பின்னேரம் ரயிலடியில் தம்பி இறங்கியதும் முதலில் பார்த்தது என் கையைத்தான். நடந்ததைச் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். அவன் பெட்டியின் பிடியை இழுத்து நிமிர்த்தி, "எந்தத் தொட்டி?" என்று மட்டும் கேட்டான். வீட்டுக்கு வராமல் பெட்டியோடு நேரே அங்கே போனோம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரித் தொட்டியைச் சுற்றித் தட்டிப் பார்த்தான்.

"நிரம்பித்தான் இருக்கு. கடைசியாப் போட்டது எண்டால் மேலதான் கிடக்கும்" என்றான்.

திங்கள் காலை அந்த இலக்கத்துக்கு அடித்தபோது அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தார். லொறி மத்தியானத்துக்கு முன் வரும், ஆனால் உள்ளே விழுந்தது நிறுவனத்துக்குத்தான் சொந்தம், வேண்டுமானால் ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதி அனுப்புங்கள், சில கிழமைகளில் பதில் வரும் என்றார். தம்பி நாளைக்குப் போகிறான் என்று இவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது. வைத்துவிட்டேன். இருவரும் போய்த் தொட்டியடியில் நின்றோம்.

நல்ல குளிர். மூச்சுப் புகை போனது. நான் இந்தப் பக்கம் நடந்தால் அவன் அந்தப் பக்கம் நடந்தான். கார் விற்ற கதை சொன்னான், வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்த கதை சொன்னான். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டான். உள்ளே போகச் சொன்னேன்.

"ஏலாது" என்றான். "அந்த வருசம் முழுக்க நான் உள்ளதானே இருந்தனான்."

"நீ மட்டுமோ?"

"சரி, பாதி வருசம்" என்று சிரித்தான்.

லொறி வந்தது. சாரதி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு இல்லையென்று தலையாட்டினார். முடியாது, எல்லோரும் இது தங்கள் கோட் என்றுதான் சொல்வார்கள் என்றார். தம்பி தன் ஜெர்மனில் தொடங்கினான். நிறம் மண்ணிறம். மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை, அது சட்டைப் பொத்தான், தைத்தது இந்த அண்ணை, தையல் கோணல். வலது பக்கப் பையில் ஓட்டை. சாரதி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் திறப்பை எடுத்துத் தொட்டியைத் திறந்தார்.

முதலில் அவிழ்த்த நீலப் பைக்குள் மனைவியின் பழைய நைட்டிகளும் என் கிழிந்த காற்சட்டைகளும் இருந்தன. "இது அண்ணியின்ர. இதை லொறிக்காரரே வைச்சிருக்கட்டும்" என்றான் தம்பி என்னிடம். அடுத்த நீலப் பையில் கோட் இருந்தது. சாரதி மூன்றாவது பொத்தானைத் தேடிப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இதையா?" என்றார்.

"இதைத்தான்" என்றோம்.

மறுநாள் விமான நிலையத்துக்குத் தம்பி அதைப் போட்டுக்கொண்டு வந்தான். பெட்டிக்குள் வைத்தால் பாரம் கூடிவிடும், உடம்பில் கிடந்தால் யாரும் நிறுக்க மாட்டார்கள். வயிற்றுக்கு மேல் ஒரு பொத்தானையும் பூட்ட முடியவில்லை. மனைவி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் பாஸ்போட்டை எடுத்தாயா, மருந்தை எடுத்தாயா என்று திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சோதனைக்கான வரிசையில் போய் நின்றான். முறை வரும்போது கோட்டைக் கழற்றச் சொன்னார்கள் போல, ஒரு கையைக் கழற்றினான். அப்படியே நின்றான். பிறகு வரிசையில் நின்ற ஆட்களை விலக்கிக்கொண்டு எங்களிடம் திரும்பி வந்தான்.

"பிடி அண்ணை."

"உன்ர முறையெல்லோ?"

"ஓம், என்ர முறைதான். குளிர் வர வந்து வாங்கிறன்."

"இந்த முழங்காலோட வருவியோ? பொய் சொல்லாத."

மற்றக் கையையும் கழற்றினான். நான் என் ஜக்கெட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவன் விடுவதற்கு முன்பே கையை உள்ளே நுழைத்துவிட்டேன். பழக்கம் விடவில்லை.

"நீ உள்ள இரு. நான் போயிட்டு வாறன்" என்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

கோட் சூடாக இருந்தது. கார் நிறுத்திய இடம்வரை அந்தச் சூடு இருந்தது. அதற்குப் பிறகு இருந்தது என்னுடைய சூடு.