கட்டில் மாறிய ஊசி

ஏஜென்சி நர்ஸாகப் போகிறோம், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "நோயாளியின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் வாயால் வரவிடுங்கள்" என்றுதான் முதலில் சொல்கிறேன். கேட்பவர்களின் முகத்தில் ஏமாற்றம் தெரியும். முதலாம் வருடத்திலேயே படித்த பாடம்தானே இது என்று நினைப்பார்கள். நானும் படித்திருந்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஜெர்மனியில் எட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் குடியேறியிருந்தோம். நர்ஸ் குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு அன்றன்றைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பதிந்திருந்தேன். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரி என்று விடிந்த பிறகுதான் போன் வரும். ஒரே வார்டுக்கு இரண்டு முறை போனது அபூர்வம்.

அன்று தெற்கு லண்டனில் ஒரு வார்டு. ரயில் தாமதமாகி, நான் போய்ச் சேர்ந்தபோது இரவு ஷிப்ட்காரர்கள் நோயாளிகளை ஒப்படைத்து முடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரின் பெயர் எழுதிய தாளைக் கையில் தந்தார்கள். எது எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு வருட அனுபவம் உள்ளவள், கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று ஒரு வீம்பு.

ஆறு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. குஜராத்திப் பெரியவர். மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். சர்க்கரை அளவு பார்த்து அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். இன்னொரு நர்ஸுடன் மருந்தறையில் அளவைச் சரிபார்த்து, ஊசியுடன் கட்டிலுக்குப் போனேன். தலைமாட்டுப் பலகையில் அவர் பெயர். கால்மாட்டில் அவர் அட்டை. பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"யேஸ், யேஸ்" என்று தலையாட்டினார்.

போட்டுவிட்டேன். ஊசியை அதற்கான மஞ்சள் பெட்டிக்குள் போடத் திரும்பியபோது, பின்னால் அவர் தனக்குள் முணுமுணுத்தது கேட்டது.

"முழங்கால் நோவுக்கு வயித்திலயோ ஊசி போடுறது?"

தமிழ். திரும்பிக் கட்டிலருகே போனேன்.

"ஐயா, உங்கட பேர் என்ன?"

அவர் சொன்ன பெயர் பலகையில் இருந்த பெயரல்ல. கையைத் தூக்கி மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்தேன். அதிலும் அவர் சொன்ன பெயர்தான்.

"அப்ப நான் கேட்க ஏன் ஐயா யேஸ் எண்டனீங்கள்?"

"இந்த நர்ஸ்மார் என்ன கேட்டாலும் யேஸ் எண்டுதான் சொல்லுறன், பிள்ளை. நோ எண்டா திருப்பித் திருப்பிக் கேப்பினம்."

நான் ஒருவரை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போயிருந்த அரை மணி நேரத்தில், குஜராத்திப் பெரியவர் ஜன்னலோரம் வேண்டும் என்றிருக்கிறார். உதவியாளர் ஒருவர் அவரையும் இந்த ஐயாவையும் கட்டில் மாற்றிவிட்டார். பலகையையும் அட்டையையும் மாற்றவில்லை.

சர்க்கரை சட்டென்று இறங்கினால் கொடுக்கும் மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டரை அழைக்கும் எண்ணும் தெரியாது. ஓடிப்போய் வார்டுப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அயர்லாந்துக்காரப் பெண். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கத்தவில்லை.

"முதலில் ஆளைப் பார். அழுகையைப் பிறகு வைத்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்து என் கையில் திணித்தார்.

இனிப்பு ஜூஸ் குடிக்கக் கொடுத்தோம். டாக்டர் வந்து கையில் குளுக்கோஸ் ஏற்றினார். கால் மணிக்கொருமுறை விரலில் குத்திப் பார்த்தேன். ஒருகட்டத்தில் அவருக்கு நெற்றி வியர்த்துக் கை நடுங்கியது. "என்ன பிள்ளை, எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். மருந்து மாறிப் போட்டுவிட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். அடுத்த குத்தலுக்கு விரலை நீட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணியளவில்தான் சர்க்கரை ஏறி நின்றது.

பின்னேரம் அவருடைய மகள் வெம்பிளியிலிருந்து வந்தாள். நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டேன். மகள் முழுவதையும் கேட்டாள்.

"அக்கா, நீங்களும் தமிழ்தானே? ஒருக்காத் தமிழில பேர் கேட்டிருக்கலாமே."

அவர் தமிழர் என்றே எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். காலையிலிருந்து நான்கைந்து முறை அந்த மனிதரைக் கடந்து போயிருக்கிறேன், காலை மாத்திரையும் என் கையாலேதான் கொடுத்தேன். "கேட்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை ஏஜென்சி வேலை தரவில்லை. பிழை என்னுடையதும் வார்டினுடையதும் என்று முடிவானது. ஐயா சுகமாக வீட்டுக்குப் போய்விட்டார் என்று பொறுப்பாளர் போனில் சொன்னபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள். அவசர சிகிச்சைத் தள்ளுவண்டியும் சர்க்கரை இறங்கினால் கொடுக்கும் மருந்தும் எங்கே என்று கேளுங்கள், சிரித்தாலும் கேளுங்கள். பலகையை நம்பாதீர்கள். மணிக்கட்டைப் பாருங்கள்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே இன்சுலின் போட வேண்டி வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம், கட்டில்வரை என்னோடு வர முடியுமா என்று கேட்டேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.