ஆட்டுத்தலை யாருக்கு?

சாய்கலுக்கு நாலு கணினி மொழிகள் தெரியும். எதிலும் வளைந்து கொடுக்கத் தெரியாது. தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினொரு வருடமாக மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை பிடிப்பதுதான் வேலை. அந்தப் புத்தியை வீட்டுக்கும் தூக்கி வந்துவிடுவாள். கட்டிக்கொள்ளலாம் என்று வந்த ஒருவன் சீக்கிரம் வீடு கட்டிவிடுவேன் என்றான். சீக்கிரம் என்றால் எத்தனை மாதம் என்று கேட்டாள். அடுத்தவன் கொஞ்சமாகத்தான் குடிப்பேன் என்றான். அதற்கும் அளவு கேட்டாள். அதன் பிறகு யாரும் வரவில்லை. அவளுக்கு வருத்தமில்லை, அவளுக்கும் சேர்த்து அம்மா வருத்தப்பட்டுக்கொண்டாள்.

தங்கை பெகிமாய் வாயில்லாப் பூச்சி. மலைப்பக்கத்து ஊரான நாரினில் பதினொரு பேர் உள்ள வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். சனிக்கிழமை வழியனுப்பு விருந்து, சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். ஆட்டின் எந்தப் பாகம் யார் தட்டில் என்பதில் ஒரு எலும்பு மாறிப்போனாலும் பெகிமாய் ஆயுசுக்கும் குத்துப்பேச்சு கேட்க வேண்டும். அம்மாவே ஒரு தொடைக்கறிக்காக இருபத்தாறு வருடம் கேட்டவள்தான். தங்கைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று சாய்கல் பொறுப்பை ஏற்றாள். எக்செல்லில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், பைதானில் ஒரு நிரல். எந்த இரண்டு பேரைக் கொடுத்தாலும் யார் பெரியவர் என்று அது சொல்லும். அதை வைத்து இருக்கை, அதை வைத்துக் கறி; எல்லாரிலும் பெரியவருக்கு ஆட்டுத்தலை.

பெரியவர் என்றால் யார் என்று அம்மாவிடம் கேட்டாள்.

"பெரியவங்கன்னா பெரியவங்கதான்டி. இதுல கேக்க என்ன இருக்கு?"

மூன்று நாள் நச்சரித்து மூன்று விதிகளைக் கறந்தாள். சம்பந்தி, நம் ஆட்களைவிடப் பெரியவர். நம் ஆட்களுக்குள் வயதில் மூத்தவர் பெரியவர். ஆனால் இருவரும் ஒரே குலமென்றால் வயதும் கிடையாது, சம்பந்தமும் கிடையாது, முறைதான். சித்தப்பா என்றால் சித்தப்பாதான்.

வெள்ளி மதியம் ஓட்டிப் பார்த்தாள். ஆட்டுத்தலை சம்பந்தி தொலோமுஷுக்குப் போனது. சரி. பெயர்களை அகரவரிசையில் மாற்றி அடுக்கி மறுபடி ஓட்டினாள். தலை எண்பது வயதுப் பெரியப்பா கச்சின்பாய்க்குப் போனது. இன்னொரு முறை மாற்றினாள், தாய்மாமன் அசன்குலுக்கு. சம்பந்தி என்பதால் தொலோமுஷ் பெரியப்பாவுக்கு மேல். வயதால் பெரியப்பா தாய்மாமனுக்கு மேல். தாய்மாமனும் தொலோமுஷும் ஒரே குலம், மாமன் அவருக்குச் சித்தப்பா முறை, ஆகவே மாமன் தொலோமுஷுக்கு மேல். சுற்றிச் சுற்றி ஒரே வட்டம். பிழை நிரலில் இல்லை, கிழவர்களிடம் இருந்தது. ஒரு விதியைத் தூக்கிவிடலாமா என்று கேட்டாள். எதைத் தூக்கினாலும் ஒரு கிழவர் எழுந்து போய்விடுவார் என்றாள் அம்மா.

சனிக்கிழமை மூன்று பேரும் வாசலுக்கு எதிரே இருந்த தலைமை இருக்கைக்கு முன் நின்று, நீங்கள் உட்காருங்கள், இல்லை நீங்கள் உட்காருங்கள் என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். அவர்கள் உட்காராமல் மண்டபத்தில் ஒருவரும் உட்கார முடியாது. சமையலறையில் கறிக் கொழுப்பு உறைந்துகொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் உபசாரம் புளித்தது. தங்கள் ஊரில் விருந்தாளியை நிற்கவைக்கும் பழக்கமில்லை என்றார் தொலோமுஷ். யாருக்கு முதலில் ஊற்றுவதென்று தெரியாமல் பெகிமாய் டீக் கெட்டிலோடு நின்றாள். சாய்கல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"நீங்க மூணு பேரும் எப்பவுமே உக்கார முடியாது," என்றாள். "நானும் நேத்துலேர்ந்து பாக்கறேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கிழவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளைப் படித்தார்கள். மூன்றும் சரிதான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு முறை ஒற்றை விரலால் பெயர்களைத் தட்டினார்கள். தட்டுகிற வரிசைக்குத் தகுந்தபடி தலை ஆள் மாறியது. தொலோமுஷ் தன் பெயரை முதலில் போட்டார், நடுவில் போட்டார், கடைசியில் போட்டார்.

"எங்க வீட்லயும் இப்படித்தான் வருமா?"

"உங்க வீட்ல பதினோரு பேரு மாமா. எத்தனை வட்டம் இருக்கோ."

அவர் திரும்பித் தன் மனைவி சைராவைப் பார்த்தார். நாரினிலிருந்து ஆறு மணி நேரம் வண்டியில் வந்த அலுப்போடு அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"முப்பது வருஷமா இவ டீ ஊத்துற வரிசை தப்புன்னு எங்கம்மா திட்டிட்டே இருக்காங்க," என்றார். "நானும் இவளுக்குத்தான் புத்தி போதலன்னு நெனச்சேன்."

பிறகு பெகிமாயிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "எங்க வீட்ல நீ யாருக்கு முதல்ல ஊத்தினாலும் தப்புதாம்மா. அதனால யாருக்கு வேணுமோ ஊத்து."

பெகிமாய் முதல் கோப்பையைச் சைராவுக்கு ஊற்றினாள். நின்றுகொண்டு குடிக்கத் தெம்பில்லை என்று சைரா மூன்று கிழவர்களையும் விலக்கிக்கொண்டு போய்த் தலைமை இருக்கையில் உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கென்று எடுத்துவைத்திருந்த தட்டைப் பரிமாறுகிறவன் கொண்டுவந்து, ஆட்டுத்தலையை அவள் முன்னால் வைத்தான்.  சைரா கத்தியைக் கேட்டாள்.