ஓமந்தையில் மூடும் புத்தகம்

போன வருடம் பிறந்தபோது ஐம்பது புத்தகம் வாசித்து முடிப்பதென்று சபதம் எடுத்தேன். கைபேசியைத் தடவித் தடவியே என் வாசிப்பு நாசமாய்ப் போய்விட்டது என்ற எரிச்சல்தான் காரணம். கனகராயன்குளத்தில் பஸ் ஏறினால், வவுனியாவில் வேலை பார்க்கும் கந்தோருக்கு இறங்கும்வரை தலை நிமிரமாட்டேன். சித்திரைக்குள் பாதியை எட்டிவிட்டேன். கந்தோரில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

முல்லைத்தீவிலிருந்து வரும் அந்த பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஒரு சீட் இருக்கும். வவுனியாவில் தன் தம்பியின் புடவைக்கடையில் நிற்கும் ஒரு முஸ்லிம் அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடுபவர், முல்லைத்தீவிலேயே ஏறி, பக்கத்துச் சீட்டில் எனக்காகத் தன் கைப்பையை வைத்தபடி வருவார். நிற்பவர்கள் முறைத்தாலும் அசையமாட்டார். புத்தளத்தில் அகதியாக வளர்ந்து ஊர் திரும்பியவருக்கு முறைப்பெல்லாம் ஒரு பொருட்டே அல்ல.

ஒருநாள் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "தங்கச்சி, போன கிழமை வாசிச்ச கதையில அந்தப் பொம்பிளைக்குக் கடைசியில என்ன நடந்தது?"

எந்தப் பெண், எந்தக் கதை, அட்டை என்ன நிறம், எதுவும் ஞாபகமில்லை. அதெல்லாம் சொன்னால் விளங்காது என்று சிடுசிடுத்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை அவர்மேல் கோபமாக இருந்தது. உண்மையில் அது பயம். எனக்கென்று நான் வைத்திருந்தது வாசிப்பு ஒன்றுதான். அதுவும் கையைவிட்டுப் போகிறது போலிருந்தது.

அடுத்த நாள் ஐம்பதைத் தூக்கி எறிந்தேன். ஓமந்தைவரை வாசிப்பது, அங்கே புத்தகத்தை மூடுவது, வாசித்ததை வவுனியாவரை ராத்தாவுக்குச் சொல்வது. அவ்வளவுதான் புதிய இலக்கு. ஓமந்தையைத் தேடித் தெரிவு செய்யவில்லை. ஒருகாலத்தில் இராணுவம் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டிச் சோதித்த இடம் அது. சோதனைச் சாவடி போய் எவ்வளவோ காலமாகியும், அந்த இடம் வந்தால் என் கை தானாகவே புத்தகத்தை மூடி, பையை எடுத்து மடியில் வைத்துவிடும். ராத்தாவின் கையும் அப்படித்தான். இருவரும் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

வவுனியாவில் வாங்கிய ஒரு நாவலை எடுத்தேன். ஒரே வளவில் இருந்துகொண்டு, பொதுக் கிணறு ஒன்றின் பேரில் பேசாமலிருக்கும் அக்கா தங்கையின் கதை. முதல் நாள் நிறையப் பக்கம் வாசித்தும், சொல்லத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் சரக்குத் தீர்ந்துவிட்டது. மறுநாள் நாலே பக்கம் வாசித்தேன். அதையும் ராத்தா விட்டுவைக்கவில்லை.

"தமக்கை தண்ணி அள்ளினவா எண்டீங்கள். வாளி ஆற்ற வாளி?"

தெரியவில்லை. திரும்பப் புரட்டினேன். தங்கையின் வாளி. அக்கா அதை ஆளில்லாத நேரம் பார்த்து எடுத்திருக்கிறாள். அந்த வரியைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். அன்றிலிருந்து, ராத்தா என்ன கேட்பார் என்று யோசித்து யோசித்து வாசித்தேன். முன் சீட்டு ஆட்களும் காதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். காலையில் பஸ் ஏறுவதே சந்தோசமாக இருந்தது.

கதை பாதியில் நிற்க, ராத்தா ஒரு புதுச் சங்கதி சொன்னார். முல்லைத்தீவிலேயே சொந்தமாகக் கடை போடுகிறார். அடுத்த மாதத்திலிருந்து இந்த பஸ்ஸில் வரமாட்டார். எவ்வளவு நல்ல செய்தி. எனக்கோ அழுகை முட்டியது. கேட்க ஆளில்லாவிட்டால் பழையபடி ஓடத் தொடங்கிவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசி நாள் பக்கத்தை மடித்து, புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். தனக்குப் பொறுமை இல்லை, வாசித்தே எத்தனையோ வருடம் என்று மறுத்தார். இழுபறிப்பட்டு, கடைசியில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு கிழமையாக நின்றுகொண்டே பயணம். ஒரு காலை, பஸ் ஓமந்தையை எட்டும் நேரம் கைபேசி அடித்தது. ராத்தா.

"ஓமந்தை வந்திட்டுதோ? இண்டைக்கு நான் சொல்லுறன். நீங்கள் கேளுங்கோ."

அதன்பிறகு கடை திறக்குமுன் வாசித்துவிட்டு, அந்த நேரத்துக்கே எனக்கு அழைப்பு எடுப்பார். நான் பதிலுக்குக் கேள்வி கேட்பேன். அவர் திணறினால் மறுநாள் பதிலோடு வருவார். முடிவை அவர் சொன்ன காலை, அக்கா, தங்கையின் வாளிக்குப் புதுக்கயிறு கட்டிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள் என்று கேட்டபோது, பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி அழுதேன்.

"தங்கச்சி, கேக்குதோ?"

"ஓம் ராத்தா. கேக்குது."

பிறகு அதே பஸ்ஸில் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினார். என் அலுமாரியில் இருக்கிறது. மடித்த பக்கத்துக்கு அப்பால் ஒரு வரியும் நான் வாசித்ததில்லை. ஆனால் போன வருடம் என்ன வாசித்தாய் என்று யார் கேட்டாலும், முதலில் அதைத்தான் சொல்கிறேன்.