அக்கா சீரியஸ்

எனக்குக் காது குத்தியது ஏழாவது வயதில். எங்கள் சொந்தத்தில் அது ரொம்பத் தாமதம். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் மூளிக்காதோடு உட்கார்ந்திருந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். வசதிக்குக் குறைவில்லை, அப்பாவுக்குக் கடைவீதியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் கடலுக்கு நடுவில் இருந்தார்.

மாமா கப்பலிலேயே படித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் சின்னதிலேயே போய்விட்டதால் அம்மாதான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது கையோடு கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். பம்பாயில் சேர்ந்து, வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பலில் ஒரு வருஷப் படிப்பு. நடுவில் இறங்காமல் முடித்தால் ஆபீசர் வேலை, இறங்கினால் போச்சு. "எந்தம்பி ஆபீசராகப் போறான்" என்று அருப்புக்கோட்டை வரைக்கும் சொல்லிவைத்திருந்தாள் அம்மா.

கரை வந்தால்தான் மாமாவின் கடிதங்கள் தபாலில் சேரும். நாலைந்து மொத்தமாக வரும். விடிகாலை ஐந்துக்கு மணி அடிப்பார்களாம். எழுந்ததும் முழங்கால் போட்டுத் தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஈரத்துணி விரித்துத்தான் தட்டு வைப்பார்கள், இல்லாவிட்டால் சோறு பக்கத்துப் பையன் மடிக்குப் போய்விடும். கப்பல் ஆடினால் வாத்தியார் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். மத்தியானம் சூரியனை அளந்து, கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டும். குளிக்க ஒரு வாளி நல்ல தண்ணீர்தான்.

"அடப்பாவிகளா, சுத்தித் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு வாளியா! நம்மூரே தேவல போல" என்று அம்மா வாயில் கைவைத்தாள்.

ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். ஏழு வயதை விட்டால் ஒன்பது. ஒன்பதில் குத்தினால் ஊர் சிரிக்கும் என்று அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தேதி குறித்துவிட்டார். லீவு கிடைக்கவே கிடைக்காது என்று மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் தரையில் உருண்டு அழுதேன். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. அத்தனை பிடிவாதம் எனக்கு.

பெரியப்பா ஒரு வழி சொன்னார். "சீரியஸுன்னு ஒரு தந்தி அடிங்கப்பா. எந்த ஆபீஸ்காரனும் வாயத் தெறக்க மாட்டான்."

யாருக்கு சீரியஸ் என்று அப்பா யோசித்தார். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "எனக்குன்னே அடிங்க. அப்பத்தான் பறந்து வருவான்."

எல்லோரும் சிரித்தோம். நடுக்கடல் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. காரியாபட்டியில் பஸ் மாறுகிற மாதிரி அடுத்த ஊரில் இறங்கி வந்துவிடுவார் என்றே நினைத்தோம். "அக்கா சீரியஸ், உடனே புறப்படு" என்று தந்தி போனது. பம்பாய் ஆபீஸ் அதை வயர்லெஸ்ஸில் கப்பலுக்குச் சொல்லிவிட்டது. அடுத்த கரைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நாலாம் நாள் கப்பலிலிருந்து கடைக்கு ஒரு தந்தி வந்தது. நான் அங்கேதான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். "அக்கா எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டிருந்தார் மாமா. அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"நல்லாருக்கான்னு சொன்னா லீவக் கேன்சல் பண்ணிருவானுக. பேசாம இரு" என்றார் பெரியப்பா.

அப்பா தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும், "மாமா வாராகளாம்" என்றார். நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு இன்னும் இரண்டு தந்தி வந்தன. அவற்றுக்கும் பதில் போகவில்லை.

விசேஷத்துக்கு முந்தின நாள் உச்சிவெயிலில் மாமா வந்தார். பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது, மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. மாமாவைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. மீசையில்லை, தலையில் ஒரு முடியில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் பாட்டையே கேட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "வந்துட்டியாடா! என்னடா இது கோலம்? எந்தச் சாமிக்குடா மொட்டை போட்ட?"

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.

"ஒனக்குத்தான்க்கா" என்றார்.

யாரோ ஓடிப்போய் மைக்செட்டை நிறுத்தினார்கள். மூன்று தந்திக்கும் பதில் வராததால், இனிமேல் சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டாராம். பன்னிரண்டாம் நாள், கூடப் படிக்கிற பையனிடம் தலையைக் கொடுத்து மழித்துக்கொண்டு, பிடிசோற்றைக் கடலில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகும் வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு தந்தியா?" என்றாள் அம்மா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். என் வாயால்தானே சொன்னேன், என் வாயால்தானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் மொட்டை தெரியாமல் பெரியப்பா மாமாவுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிவிட்டார். மாமா மடியில் உட்கார்ந்தேன். அவருடைய தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆசாரியின் ஊசிக்கு இவ்வளவு பெரிய ஆள் பயப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்காவின் வியாதிக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று பம்பாயிலிருந்து கேட்டார்கள். பெரியப்பா ஒரு டாக்டரைப் பிடித்து வாங்கித் தருவதாகச் சொன்னார். "இன்னொரு தடவை அவளுக்கு நோய் வேணாம்" என்று மாமா மறுத்துவிட்டார். படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே மாமா எங்கள் கடையில் பருத்திக்கொட்டை நிறுக்க உட்கார்ந்தார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்: "நல்லவேளம்மா, தந்தி அடிச்சோம். இல்லாட்டி மாமா நம்ம கூடவே இருந்திருக்க மாட்டாகல்ல?"

அதுவரை என்னைத் தொட்டு அடிக்காத அம்மா, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அடித்துவிட்டு அவளே அழுதாள்.

"புள்ளைக்கு என்னக்கா தெரியும்" என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளில் கிடந்து தேம்பியபடி, இந்த வீட்டில் என்மேல் பிரியமாக இருப்பது மாமா ஒருத்தர்தான், அம்மாவுக்குத் தம்பி இங்கே இருப்பதே பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்தேன்.