சாத்தியிருந்த ஜன்னல்

கட்டடங்களின் ஜன்னல்களிலும் வெளிச்சுவர்களிலும் தண்ணீர் பீய்ச்சி, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். சென்ற ஐப்பசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். இரவு மழையில், ஜன்னலோரம் அடுக்கியிருந்த தைத்த தோல்கள் நனைந்து பாழாகியிருந்தன. ஜன்னலைத் திறந்துபோட்டுப் போய்விட்டார் என்று அந்தத் தையல் வரிசையின் சூப்பர்வைசர் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். சாத்திவிட்டுத்தான் போனேன் என்று அவர் விடாமல் சொன்னதால் என்னை அழைத்தார்கள். சாத்திய ஜன்னலிலும் தண்ணீர் வந்தால், அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

அன்று சாத்தியவரே இன்றும் சாத்த வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வந்தார். மேனேஜர் எல்லோர் முன்னாலும், "தோல ஊற வெக்கிறது டேனரிக்காரன் வேலம்மா, நம்ம வேல இல்ல" என்றார். தையல் மெஷின்களில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா ஜன்னல் கதவை இழுத்துக் கொண்டியை மாட்டினார்.

வெளியே என் ஆள் கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சினார். மேலிருந்து தொடங்கினால், வழிந்து வரும் நீர் எந்த இடுக்கில் நுழைந்தது என்று தெரியாது. கீழ்ச்சட்டத்தைத் தாண்டுவதற்குள் உள்மூலையில் நீர் கசிந்து தரைக்கு வந்துவிட்டது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடைப்பே இல்லை. மேனேஜருக்கு டார்ச் அடித்துக் காட்டினேன்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அந்தத் தெம்பில், யாரும் கேட்காததையும் சொன்னார்: "இங்கதான் சார் வரும். மழ வர்ற மாரி இருந்தா தோல் துண்டு சொருவிட்டுப் போவேன். அன்னிக்கு வானம் வெளுப்பா இருந்துச்சி, சொருவல."

"அப்ப ஒழுவும்னு தெரியும்" என்றார் மேனேஜர். "தெரிஞ்சிக்கினே ஏன்மா சொல்லாம இருந்த?"

பராமரிப்பு ஆளிடம் இரண்டு தடவை சொன்னதாக அவர் ஆரம்பித்தார். மேனேஜர் கேட்கவில்லை. சொல்லியனுப்புகிறோம், இப்போது போகலாம் என்றார். இடுக்கை அடைக்காமல் கட்டடம் கட்டியவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் போன் பேச வராந்தாவுக்குப் போனார். வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து, அவரவர் பக்கத்து ஜன்னல் மூலையிலிருந்து தோல் துண்டுகளை உருவிக் கழிவுக் கூடையில் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மேனேஜர் திரும்பி வந்ததும் மற்ற ஜன்னல்களிலும் பீய்ச்சிப் பார்த்தோம். எல்லா ஜன்னலிலும் தண்ணீர் வந்தது. முன்பும் இப்படி வந்ததுண்டா என்று மேனேஜர் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றார்கள், ஒருவர் தவறாமல்.