அன்ரி கதவைத் திறக்கவில்லை

இது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், இலைகள் கொட்டி நடைபாதையெல்லாம் வழுக்கத் தொடங்கியிருந்த ஒரு ஒக்டோபர் மாதம். நான் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் பத்தொன்பது வயது. மின்வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் அவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு, செய்துகொண்டிருந்தான்.

அவன் அப்போது ‘பெவேருங்’கில் இருந்தான். பதினேழு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ரயில் நிலையத்தில் ஒருவனை அடித்ததற்காக நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து அவனை வெளியே விட்டிருந்தது. ஒழுங்காக இருந்தால் தண்டனை இல்லை. அதற்குள் இன்னொரு வழக்கில் மாட்டினால் பழையதும் புதியதும் சேர்ந்து உள்ளே. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. அம்மா ‘அவன்ர அலுவல்’ என்று மட்டும் சொல்வார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் பெடியங்களுக்குள் கைகலப்பு. எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. பொலிஸ் விசாரித்தபோது அவன் சொன்ன ஒரே பெயர் தம்பியுடையது. தம்பியோ, சண்டையை விலக்குப் பிடிக்கத்தான் போனேன் என்றான். நம்புகிறேன் என்றேன். ஆனால் அதைச் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மஞ்சள் உறையில் குற்றப்பத்திரிகை வந்தது. தபால்பெட்டியில் அந்த மஞ்சள் நிறத்தைக் கண்டால் இன்றைக்கும் படியில் நின்றபடியே பிரித்துவிடுகிறேன்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சட்டப் பிரிவுகளை இணையத்தில் தேடித் தேடி வாசித்தேன். வழக்கறிஞருக்கு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் நடுத்தர வயது ஜேர்மன் பெண்மணி. முதல் சந்திப்பில் என்னைப் பார்த்து, நீங்கள் சட்டம் படிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, மின்னணுவியல் என்றேன். நல்லது, அதையே தொடர்ந்து படியுங்கள் என்றார். தம்பி பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். வழக்கு நடக்கும்வரை தம்பியோ வீட்டாரோ காயப்பட்ட பையனின் பக்கமே போகக்கூடாது. பேச்சு வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம். சாட்சியைக் கலைக்கப் பார்க்கிறார்கள் என்று நீதிமன்றம் நினைத்தால் வழக்குக்கு முன்பே அவனை உள்ளே வைக்கக்கூடும்.

அப்பாவுக்கு அது ஏறவே இல்லை. “ஒரு பிள்ளை முறிஞ்சு கிடக்குது. போய்ப் பார்க்காமல் இருக்கிறது மனிசரோ?” என்றார். எங்கள் ஆட்களிடையே யாருக்காவது சுகமில்லை என்றால் பழம் வாங்கிக்கொண்டு வருத்தம் பார்க்கப் போவது எழுதாத சட்டம். மனஸ்தாபம் இருந்தால் இன்னும் கட்டாயம் போகவேண்டும். போகாவிட்டால்தான் குற்றம் செய்தவர்கள் என்று நினைப்பார்கள். இதையெல்லாம் நான் வழக்கறிஞருக்கு விளக்கியபோது, எனக்குப் புரிகிறது, ஆனால் அரச வழக்கறிஞருக்கு இதை விளக்கும் நிலைமையில் என்னைக் கொண்டுபோய் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் எங்கள் நகர நூலகத்தில் இருந்தேன். அம்மா அழைத்தார்.

“பிள்ளை, அப்பா தம்பியையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். பழமும் வாங்கிவைச்சவர். நான் சொல்லிப் பார்த்தன், கேக்கேல்லை.”

அப்பாவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தம்பிக்கு அடித்தேன், எடுத்தான்.

“எங்க நிக்கிறாய்?”

“அவையின்ர வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறம். நான் மன்னிப்புக் கேக்கோணுமாம்.”

“காரை விட்டு இறங்காதை. பெல்ட்டைக் கழட்டாதை.”

“அப்பா கத்துவார் அக்கா.”

“கத்தட்டும்.”

அந்த ட்ராம் பயணத்தை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கதவு ஆறுதலாகத் திறந்து ஆறுதலாக மூடியது. பக்கத்தில் இருந்த கிழவி ஒரு பொதியில் இருந்து பாணைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பத் திரும்பத் தொலைபேசியைப் பார்ப்பதைக் கண்டு, அவசரமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். மனதுக்குள் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப ஓடியது. தம்பி வேலைக்குக் கொண்டுபோகும் நீலநிறக் கருவிப்பை எங்கள் வீட்டுக் கதவடியில் கிடக்கிறது. அதை எடுக்க ஆள் இல்லை.

இறங்கி ஓடினேன். காருக்குள் தம்பி இருந்தான். பெல்ட் நெஞ்சுக்குக் குறுக்கே அப்படியே இருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அப்பாவின் சொல்லை அவன் மீறியதை நான் கண்டது அன்றுதான். அவனை இறங்கச் சொல்லிக் கத்திப் பார்த்துவிட்டு, அப்பா பழப்பையோடு தூறலில் நனைந்தபடி அடுக்குமாடி வாசலில் நின்றார். நான் போய் அவரின் முழங்கையைப் பிடிப்பதற்கும், மணிப் பலகையில் இருந்த ஒலிபெருக்கி கரகரப்பதற்கும் சரியாக இருந்தது.

“ஆர்?” அந்தப் பையனின் தாய். நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர்.

“நான்தான் தங்கச்சி. பிள்ளையைப் பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்.”

  மேலேயிருந்து அவர் பொத்தானை அழுத்த, அந்தக் கதவு ‘ஸ்ஸ்’ என்று திறந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திறந்தால் அப்பா படியேறிவிடுவார். அவரைத் தடுக்க என்னால் ஏலாது.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் கதவு திறக்கமாட்டன்.”

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

“உங்கட ஆக்கள் ஆரும் வந்தால் சொல்லோணும் எண்டு பொலிஸ் சொல்லியிருக்கு. நீங்கள் உள்ள வந்திட்டுப் போனால், நாளைக்கு என்ர மகன் என்னத்தைச் சொன்னாலும் நீங்கள் சொல்லிக்குடுத்தது எண்டுதான் நினைப்பினம். உங்கட பிள்ளைக்குத்தான் கூடாது. போங்கோ அண்ணை.”

“இந்தப் பழத்தையாவது வைச்சிட்டு…”

“அதையும் கொண்டு போங்கோ. ஒண்டும் வைக்காதேங்கோ.”

இந்த ஊரில் எந்தத் தமிழ் வீட்டு வாசலில் இருந்தும் அப்பா அப்படித் திரும்பியதில்லை. காரை எடுத்து நேரே வீட்டுக்கு ஓட்டினார். பழப்பை என் மடியில் இருந்தது. எனக்கும் அந்த நேரம் அன்ரியில் கோபம்தான். அதைவிடப் பெரிய பயம், அவர் பொலிசுக்குச் சொல்லிவிடுவாரோ என்பது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கறிஞரிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். எத்தனை மணிக்கு, யார் யார் நின்றீர்கள் என்று தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில், அந்தப் பெண் திறக்காதது நல்லது, இனியாவது யாரும் ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்றார். எனக்கு ஆகவும் கடினமான வேலை அதுதான். ஒன்றும் செய்யாமல் இருந்தோம். அம்மா ஊன்ட்றொப் கோயில் அம்பாளுக்கு நேர்த்தி வைத்தார். வீட்டு மணி அடித்தால் யார் போய்த் திறப்பது என்று நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வழக்கு நாள் வந்தது. தம்பி எழுந்து நின்று, தான் விலக்குப் பிடித்ததை நேராகச் சொன்னான். அரச வழக்கறிஞர் அவனுடைய பழைய வழக்கைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்து அந்தப் பையன் வந்தான். தள்ளியது யார் என்று தான் பார்க்கவில்லை என்றான். தம்பியைக் காட்டி, இவன் தன்னைப் பின்னால் பிடித்து இழுத்தது உண்மை, ஆனால் அடிவிழாமல் காப்பாற்றத்தான் இழுத்திருக்கிறான் என்று பிறகு யோசித்தபோது விளங்கியது என்றான். அன்று பொலிஸ் பெயர் கேட்டபோது அங்கே நின்றவர்களில் தனக்குத் தெரிந்த பெயர் இவனுடையது மட்டும்தான், பழைய வழக்கால் எல்லாருக்கும் தெரிந்த பெயர் என்றான்.

அரச வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த யோசனை உங்களுக்கு எப்போது வந்தது? இவருடைய குடும்பத்தில் யாராவது உங்களைச் சந்தித்தார்களா?

 அப்பா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

பையன் தயங்கவில்லை. இவனுடைய அப்பா ஒருநாள் வாசலுக்கு வந்தார், அம்மா கதவைத் திறக்கவில்லை, பழம் கொண்டுவந்தாராம், அதையும் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார், நான் மேலே மருந்து மயக்கத்தில் படுத்திருந்தேன், யாரையும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொன்னான். நீதிபதி பின்வரிசையில் இருந்த அன்ரியை ஒருமுறை பார்த்தார். அன்ரி பார்வையைத் தாழ்த்தவில்லை. அரச வழக்கறிஞர் வேறு கேள்வி இல்லை என்றார். முடிவில் அவரே விடுதலை கேட்டார். தம்பி விடுதலையானான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு திறந்திருந்தாலும் பையன் சொல்லியிருக்கப்போவது அதே உண்மைதான். ஆனால் நாங்கள் அன்று உள்ளே போய் ஒரு வாய் தேத்தண்ணி குடித்திருந்தாலும் அந்த உண்மைக்கு அங்கே ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

வெளியே நடைவழியில், கிட்டப் போகலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பா சுவரோடு ஒதுங்கி நின்றார். அன்ரிதான் வந்தார்.

“அண்டைக்கு மேல யன்னலால பார்த்துக்கொண்டுதான் நிண்டனான் அண்ணை. நீங்கள் திரும்பிப் போனதைப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. மேன்முறையீட்டு நாள் கழிஞ்சு தீர்ப்பு உறுதியானதும் ஒருநாள் வாங்கோ.”

“கதவு திறப்பியளோ?” அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

“பழம் கொண்டுவந்தால் திறப்பன்.”

தம்பி இப்போது தொழிற்படிப்பை முடித்து வேலையில் இருக்கிறான். நாங்கள் அன்ரி வீட்டுக்குப் போய்வருகிறோம். ஆனாலும் அந்த வாசலில் மணியை அழுத்திவிட்டுக் காத்து நிற்கும் சில நொடிகள் எனக்குள் அந்தப் பழைய பயம் எழும்பி அடங்கும். தன் வீட்டு வாசலில் நின்ற மனிதரைத் திருப்பி அனுப்பும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் என் தம்பியைக் காப்பாற்றினார் என்பது ஒவ்வொரு முறையும் அப்போதுதான் நினைவுக்கு வரும்.