உதட்டுப் பேச்சு

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பிரெண்டா கிரிம்ஷா அந்தக் கனத்தை ஐம்பத்து மூன்று வருடம் சுமந்தவள். அந்தச் செவ்வாய்க்கிழமை நகர அருங்காட்சியகத்தின் படியில் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தாள்.

இழுத்து வந்தவள் நோரா. இருவரும் பதினைந்து வயதில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரே துணி மில்லில் தறிக்குப் போனவர்கள். நோராவுக்கு இடது கண் கிடையாது. மில் இரைச்சலில் காதும் போய்விட்டது. போனால் என்ன? தறிக்கூடத்தில் யாருக்குத்தான் காது கேட்டது? எல்லோரும் சத்தமில்லாமல் வாயை அகல அசைப்பார்கள்; உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இருபது தறி தள்ளிப் பேசும் வம்புகூட நோராவுக்குத் தப்பாது.

"மாடியில நம்ம மில்லைப் புடிச்ச படம் ஓடுதாம்டி. அறுபத்திரண்டுல எடுத்தது. சத்தமே கெடையாதாம். நமக்கெதுக்குச் சத்தம்!" என்று சிரித்தாள் நோரா.

படமெடுத்தவன் கேமராவைத் தன் பக்கம் திருப்பிய அந்தக் காலையைப் பிரெண்டா மறக்கவே இல்லை. வராமல் இருந்தால் நோரா தனியாக வந்து பார்த்துவிடுவாள். அது இன்னும் பயம்.

கீழ்க்கூடத்தில் விக்டோரியா ராணி காலத்து ஓவியங்கள். பிரெண்டா ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள்.

"இந்தச் சீமாட்டியோட பட்டுத் துணியைப் பாரேன், என்ன நெசவு!"

"நெசவா? பெயிண்டுடி அது! ஆடு மேய்க்கிறவளைக்கூட விடாம அரைமணியா நிக்கிற. என்ன வந்துச்சு ஒனக்கு?"

"ஒரு டீ குடிச்சிட்டு..."

"பாத்துட்டுக் குடிப்போம். வா."

மாடியில், சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பிரெண்டா நோராவின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். போன கண்ணுக்குப் பதிலாக எப்போதும் அந்தப் பக்கம்தான். வியாழன் தவறாமல் சூப்பும் கொண்டுபோவாள். தங்கமான மனசு என்று தெரு முழுக்கச் சொல்லும். அது பயந்த மனசு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திரையில் பத்தொன்பது வயது பிரெண்டா வந்தாள். உட்கார்ந்திருந்த பிரெண்டா சட்டென்று எழுந்து முன்னால் நின்றாள்.

"மறைக்காதடி!" நோரா கைத்தடியால் அவளை ஒதுக்கினாள்.

திரையில் இருந்தவள் பக்கத்துத் தறிக்காரியைப் பார்த்துச் சிரித்தபடி வாயசைத்தாள்: 'தடுப்புக் கம்பியைக் கழட்டிட்டேன். நாடா மாத்த எடைஞ்சலா இருக்கு. வால்டர்கிட்ட சொல்லிராத.'

மறுநாள்தான் பிரெண்டாவின் தறியில் ஊடுநூலைச் சுமந்து ஓடும் கூர்முனைக் கட்டையான நாடா, தடுக்கக் கம்பி இல்லாமல் தெறித்துப் பறந்து நோராவின் கண்ணைக் குத்தியது. அந்தக் களேபரத்தில் பிரெண்டா கம்பியைத் தளர்வாக மாட்டிவைத்தாள். சரியாக முடுக்கவில்லை என்று பழி தறி மேஸ்திரி வால்டர் மேல் விழுந்தது, வேலையும் போயிற்று. வால்டர் நோராவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் போய்ச் சேர்ந்தே முப்பது வருடமாகிறது.

கத்துவாள் என்றுதான் பிரெண்டா இத்தனை காலம் பயந்திருந்தாள். நோரா கத்தவில்லை. நல்ல கண் தெரியும்படி முகத்தை முழுக்கத் திருப்பி, தறிக்கூடத்தில் பேசுவதுபோல வாயை அகல அசைத்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

'அம்மா சாவுக்கு வால்டர் வந்தான்டி. மழையில நின்னான். நான் கதவைத் தொறக்கல.'

பிரெண்டா கண்ணை மூடப் பார்த்தாள். முடியவில்லை.

'இப்ப எங்க போய்டி தொறப்பேன்?'